துணிக்குப் பின்னால் வாசித்தவள்

தக்கலைச் சந்தைக்கு அடுத்த தரிசில் படக் கொட்டகை போட்டால், பெண்களுக்கு இடம் துணிக்குப் பின்னால்தான். ஆண்கள் முன்னால் பெஞ்சிலும் தரையிலும் இருப்பார்கள். நடுவில் இரண்டு மூங்கில்களுக்கிடையே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. அதன் மறுபக்கம், ஆற்றுமணலில் நாங்கள். படம் தொடங்குவதற்கு முன் ஒருவன் ஏணியில் ஏறித் துணி முழுவதும் தண்ணீர் தெளிப்பான். நனைந்தால்தான் வெளிச்சம் ஊடுருவி எங்கள் பக்கமும் படம் தெரியும். முன்வரிசையில் இருப்பவர்களின் தலையில் துளிகள் சொட்டும். அதற்காக யாரும் பின்னால் நகர்ந்ததில்லை.

பின்னாலிருந்து பார்ப்பதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. மரம் மரமாகத்தான் தெரியும், குதிரை குதிரையாகத்தான் ஓடும். ஆனால் அரசன் வாளை இடக்கையில் பிடிப்பான். முனிவர் இடக்கையால் ஆசி கொடுப்பார். மாப்பிள்ளை இடக்கையால் சோறு பிசைவான். அதற்கும் எங்கள் பக்கத்தில் விளக்கம் இருந்தது.

"வடக்க உள்ளவங்களுக்கு எடக்கைதானாக்கும் சோத்துக்கை" என்றாள் மணவாளக்குறிச்சியிலிருந்து கருவாட்டுக்கூடையோடு சந்தைக்கு வரும் அக்காள். கூடையையும் கொட்டகைக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருப்பாள்.

"அப்பம் கால் கழுவுகது எந்தக் கையில?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.

"அத நீ வண்டி ஏறிப் போயிக் கேட்டுட்டு வா."

நாங்கள் பின்பக்கத்திலிருந்து பார்க்கிறோம், அதனால்தான் கை மாறித் தெரிகிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். யாரும் ஏற்கவில்லை. எழுத்து புரண்டு தெரியும், அது எழுத்து. ஆள் எப்படிப் புரண்டு தெரிவான் என்று கேட்டார்கள்.

எழுத்துதான் அங்கே பெரிய சங்கடம். படத்தின் நடுவில் ஆட்கள் மறைந்து, கறுப்பில் வெள்ளையாக எழுத்து வரும். மேலே இங்கிலீஷ், அதன் கீழே வடநாட்டு எழுத்து, அடியில் தமிழ். ஆண்கள் பக்கத்தில் அதை உரக்க வாசித்துக் கதை சொல்ல ஒருவரை வைத்திருந்தார்கள். கையில் பிரம்பும் குரலில் நாடகக்கார மிடுக்குமாக நிற்பார். ஆனால் அவர் முகம் ஆண்களைப் பார்த்திருந்தது. அவர் பேச்சு ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் தாண்டி எங்களிடம் வரும்போது வெறும் இரைச்சலாகிவிடும். எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களே இரண்டு மூன்று பேர்தான். ஒருமுறை தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவின் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புரண்ட எழுத்தை வாசிக்க முயன்றாள். முதல் சொல்லை முடிப்பதற்குள் எழுத்து போய்க் குதிரை வந்துவிட்டது.

நான் வாசித்தேன். தட்டாமல், திக்காமல், எழுத்து மறைவதற்கு முன்பே முடித்தேன்.

அது தானாக வந்துவிடவில்லை. புதுப் படம் வந்தால் மாட்டுவண்டியில் தமுக்கு அடித்து நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். மஞ்சளும் ரோஜாவுமாக மெல்லிய தாள். அதைத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்தால், கொட்டகைத் துணியில் தெரிவதுபோலவே எழுத்து புரண்டு தெரியும். கிணற்றடியில் நின்று அப்படி வாசித்து வாசித்துப் பழகினேன். கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் வரும். சொல் தாளின் வலது ஓரத்தில் தொடங்கும். கண்ணுக்கு அது பிடிபட்ட பிறகு நேர் எழுத்தும் புரள் எழுத்தும் எனக்கு ஒன்றாகவே ஆகிவிட்டன. மிஷன் பெண்கள் பள்ளியில் எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கே அது வராது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா வாழைக்குலை வியாபாரம் செய்தார். கைநாட்டு. அண்ணன் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. என்னை அனுப்பலாம் என்று அப்பா சொன்னபோது அம்மை அவரோடு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. "இவ படிச்சுக் கச்சேரியில போயி இரிக்கப் போறாளோ?" என்பது அவள் கேள்வி. நான் பரிசு வாங்கி வந்த நாளிலும் அவள் அதை வாங்கிப் பார்க்காமல், "கையைக் கழுவீட்டு வந்து தேங்காயத் துருவு" என்றாள்.

அந்த அம்மைதான் கொட்டகையில் மாறினாள். முதல் எழுத்தை நான் வாசித்ததும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது எழுத்துக்குத் தன் முந்தானையால் மணலைத் தட்டி, என்னை இன்னும் நெருங்கி இருக்கச் சொன்னாள். அவளுடைய வலப்பக்கம், தோளோடு தோளாக. மூன்றாவது எழுத்துக்குள் கூட்டத்தை அதட்டத் தொடங்கிவிட்டாள். "மிண்டாம இரிங்க! எனக்க மக வாசிக்குகா, கேக்கலியா?"

எனக்க மக. அதுவரை அவள் வாயில் நான் "இந்தக் குட்டி"யாக இருந்தேன்.

பிறகு வந்த படங்களுக்கெல்லாம் பெண்கள் என்னை எதிர்பார்த்தார்கள். முதலில் சந்தைக்கு வந்தவர்கள் மட்டுமே எட்டிப் பார்த்த கொட்டகைக்கு, வண்டி கட்டிக்கொண்டு குடும்பங்கள் வர ஆரம்பித்திருந்தன. கைப்பிள்ளையோடு வந்தார்கள், சுக்குக்காப்பி கொண்டுவந்தார்கள், முடிச்சில் அவலும் சர்க்கரையும் கட்டிவந்தார்கள். வாசலில் என்னைக் கண்டதும், "எழுத்துப்பிள்ள வந்தாச்சு, இனி இரிக்கலாம்" என்பார்கள். அம்மை எனக்கு முன்னால் நடப்பாள், எனக்கு வழி விலக்கியபடி. அப்படி இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் அம்மை என்னைத் தேங்காய் துருவச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். சொன்னாள், ஆனால் "படிச்சு முடிச்சிட்டு வா" என்று சொன்னாள்.

அந்த இடத்துக்குத்தான் மைனி வந்தாள்.

அண்ணன் குலசேகரத்துப் பக்கம் பெண் எடுத்தான். ரப்பர்த் தோட்டத்து ஓரம் அவள் வீடு. எழுத்து ஒன்றும் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியாததை ஒரு குறையாகவும் அவள் நினைக்கவில்லை. பேச்சு இழுத்து இழுத்து, பாதி மலையாளம். சிரிப்பு முதலில் வரும், பேச்சு பிறகு வரும். நான் அவளை வெறுக்கக் காரணம் தேடினேன். ஒன்றும் அகப்படாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவள் வந்த முதல் படத்தில் சூதில் நாடு இழந்த ராணி ஒருத்தி அரசனிடம் கையை விரித்து, தலையை அசைத்து, வெகுநேரம் எதையோ பேசினாள். பிறகு எழுத்து வந்தது. நான் நிதானமாக வாசித்தேன். "நாதா, என்னைப் பிரியாதீர்."

மைனி சத்தமாகக் கேட்டாள். "இம்புட்டு நேரம் வாய அனக்கினாளே, இவ்வளவுதானாக்கும் பறஞ்சா?"

கொட்டகையின் பின்பக்கம் முழுவதும் சிரித்தது.

"இல்ல, மீதிய நான் பறயட்டா?" என்று அவளே தொடர்ந்தாள். "'எனக்க அம்மை அண்ணைக்கே பறஞ்சா, சூதாடுகவனுக்குப் பொண்ணு குடுக்காதேண்ணு. நான் கேட்டேனா? உமக்க மீசையப் பாத்து மயங்கீட்டேன்.' இதாக்கும் அவ பறஞ்சது. எழுத்துக்காரன் பாதிய முழுங்கீட்டான்."

கருவாட்டு அக்காள் கூடையைத் தட்டிச் சிரித்தாள். அம்மையும் சிரித்தாள். அவள் உடம்பு குலுங்குவதை என் தோள் உணர்ந்தது. அடுத்த எழுத்தை நான் உரக்க வாசித்தேன். வாசித்து முடித்ததும் எல்லாருடைய முகமும் மைனி பக்கம் திரும்பியது, மீதியைக் கேட்க.

அன்று வீடு திரும்பும்போது அம்மையிடம் சொன்னேன். "அவங்க சொல்லுகது ஒண்ணும் படத்துல இல்ல அம்மா. சும்மா கெட்டி விடுகாங்க."

"தெரியும் மக்களே" என்றாள் அம்மை, இன்னும் சிரித்தபடியே. "அதுனால என்ன?"



அந்த வருடம் மைனிக்கு மூக்குக் குத்தினார்கள். அவர்கள் பக்கம் குத்தும் வழக்கம் இல்லை; எங்கள் பக்கம் வலமூக்கில் குத்துவார்கள். தட்டாசாரி வந்து உட்கார்ந்து, திரியைத் திரித்து, "எந்தப் பக்கம்?" என்று ஒப்புக்குக் கேட்டபோது மைனி சொன்னாள்: "எடப்பக்கம். படத்துல அந்த ராணிக்கு உள்ளதுபோல."

நான் எழுந்துவிட்டேன். "ராணிக்கு வலப்பக்கந்தான் மைனி. நாம பின்னால இருந்து பாக்கோம். எல்லாம் மாறித் தெரியும்."

"பிள்ளே, நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேனே."

"எழுத்து எப்பிடிப் புரண்டிருக்கு? அதுபோலத்தான் மூக்கும்."

"எழுத்தப் பத்தி நீ பறஞ்சா நான் கேப்பேன். மூக்கப் பத்தி எனக்குத் தெரியும்."

அம்மை தீர்ப்புச் சொல்வாள் என்று அவளைப் பார்த்தேன். எனக்குக் குத்தியபோது நான் திமிறினேன் என்று முதுகில் ஒன்று வைத்தவள் அவள். இப்போது மருமகளின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடப்பக்கமும் கொள்ளாமாக்கும். ஆசைப்பட்டுட்டா, குத்தும்" என்று ஆசாரியிடம் சொன்னாள். ஊர் வழக்கமே மாறியது, ஒரு ராணியின் புரண்ட மூக்குக்காக. நல்லெண்ணெய் தடவிய அந்த மூக்கைப் பார்த்து நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: ஒருநாள் தெரியும்.

தெரியும் நாள் பேசும் படத்தோடு வந்தது.

மழை முடிந்து கொட்டகை திரும்ப வந்தபோது, வண்டிகளில் ஒரு புது எஞ்சினும், ஆள் உயரத்துக்குப் பெரிய குழாய் ஒன்றும் இறங்கின. ஒலி துணிக்குப் பின்னாலிருந்துதான் வரவேண்டுமாம். ஆகவே குழாயைக் கொண்டுபோய் எங்கள் மணலில் வைத்தார்கள். பெண்கள் முன்பக்கத்துக்கு வந்தோம். ஆண்களுக்கும் எங்களுக்கும் நடுவே மூங்கில் தட்டி. முதன்முறையாக நாங்கள் துணியின் நேர்ப்பக்கத்தைப் பார்த்தோம். நான் பழகி வைத்திருந்த வித்தை முழுவதையும் வீணாக்கிவிட்டு, என் இடத்தில் ஒரு குழாய் உட்கார்ந்திருந்தது.

அம்மையின் வலப்பக்கத்தில் முந்திப்போய் இருந்துகொண்டேன். மைனிக்கு அப்போது கைப்பிள்ளை. அவள் இடப்பக்கம் இருந்தாள். தொடக்கத்தில் பெயர்கள் எழுத்தாக வந்தன. நேராக வந்தன, இடமிருந்து வலமாக, பள்ளிக்கூடத்துக் கரும்பலகைபோல. நான் குரலைச் சரிசெய்துகொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அப்போது ராணி, ஊமைப் படத்தில் வந்த அதே நடிகைதான், வாயைத் திறந்தாள்.

அந்த ஒலியை எப்படிச் சொல்வது? கொட்டகை முழுவதும் ஒருமுறை பின்னுக்குச் சாய்ந்து முன்னுக்கு வந்தது. சில பெண்கள் கும்பிட்டார்கள். ராணி பேசிய தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை; ஸ்வாமி, ப்ராணநாதா என்று சமஸ்கிருதம் கலந்தது. அம்மைக்குப் புரியாது என்று நினைத்து அவள் காதருகே குனிந்து, "அரசன் காட்டுக்குப் போறான், அவ தானும் வாறேன்னு சொல்லுகா" என்றேன்.

அம்மை கையை உயர்த்தி என் வாயருகே கொண்டுவந்தாள். அடிக்க அல்ல, மூட. "மிண்டாத மக்களே. அவளேதான் பறயுகாளே."

"உனக்கு மனசிலாவுதா?"

"மனசிலாவணும்னு என்ன இரிக்கு. கேட்டாப் போரும்."

ராணியின் முகம் துணி நிறையப் பெரிதாக வந்தபோது, மூக்குத்தி அவள் வலமூக்கில் மின்னியது. வலப்பக்கத்தில்தான். எத்தனை நாள் காத்திருந்தேன் அதற்கு. "பாத்தியா அம்மா!" என்று கூவிவிட்டேன். "ராணிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம், பாத்தியா?"

சுற்றிலும் இருந்தவர்கள் ராணியைப் பார்த்தார்கள், பிறகு மைனியைப் பார்த்தார்கள். மைனி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"சவம்" என்றாள், "கண்ணாடியில பாத்தா எனக்கும் அவளுக்கும் ஒரே பக்கந்தான்."

வெடித்துச் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தேன். கண்ணாடிக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பேசும் படத்தில் பேச்சைவிடப் பாட்டுதான் அதிகம். அழுதாலும் பாட்டு, கோபித்தாலும் பாட்டு, கதவைத் திற என்பதற்கும் ஒரு பாட்டு. மைனி ஒருமுறை கேட்டால் போதும். மறுநாள் நெல் அவிக்கும்போது ராகம் அப்படியே அவள் தொண்டையிலிருந்து வரும். முதல் அடியும் இரண்டாம் அடியும் சொல்லோடு வரும், மீதி வெறும் ராகமாக. அம்மை அடுப்புத் தீயைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பாள். வேலி ஓரத்தில் பெண்கள் வந்து நிற்பார்கள். "பாட்டுப்பிள்ள இருக்காளா?" என்று விசாரிப்பார்கள். எழுத்துப்பிள்ளை அங்கேயே முறத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

கொட்டகை வாசலில் பாட்டுப்புத்தகம் விற்றார்கள். நான் வாங்கினேன். எல்லாப் பாட்டும், எல்லா அடியும் அதில் இருந்தன. எனக்கு ராகம் வராது. இரவில் அதை விரித்து வைத்து மனப்பாடம் செய்தேன். எதற்கென்று அப்போது தெரியாது. அவளிடம் இல்லாத ஒன்று என் கையில் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இருக்கும்.

அதே படத்துக்கு அம்மை மறுபடியும் போகவேண்டும் என்றாள். ராணி காட்டில் குழந்தையைத் தாலாட்டும் பாட்டைக் கேட்கத்தான். இந்த முறை நான் வலப்பக்கம் உட்காரப் போனபோது, அம்மை மணலைத் தட்டி, "நீ கொஞ்சம் நீங்கி இரி மக்களே, பிள்ளையும் கையுமா அவ இரிக்கட்டு" என்றாள். நான் நீங்கி இருந்தேன். அம்மை, பிள்ளையோடு மைனி, அதற்கு அப்பால் நான்.

ராணி காட்டுக்கு வந்தாள். மரத்தில் தொட்டில் கட்டினாள். தாலாட்டுக்கு வாயைத் திறந்தாள். குழாய் ஒருமுறை கறகறத்து நின்றுபோனது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. ராணியின் உதடுகள் அசைந்தன. ஒலி மட்டும் இல்லை. ஆண்கள் பக்கம் சீழ்க்கை அடித்தது. யாரோ எஞ்சின்காரனை விளித்துத் திட்டினார். அப்போது பெண்கள் பக்கத்தில் பழைய நாட்களிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. கருவாட்டு அக்காளின் குரல்.

"எழுத்துப்பிள்ளே! என்ன பறயுகா, வாசி!"

"ஆமா, பிள்ள இருக்காளே! வாசி மக்களே!"

எல்லா முகங்களும் என்னிடம் திரும்பின. அம்மையின் முகமும். என் நெஞ்சு நிறைந்து, நான் நிமிர்ந்து, துணியைப் பார்த்தேன்.

வாசிக்க ஒன்றும் இல்லை. ஊமைப் படத்தில் வாய் அசைந்தால் பின்னாலேயே எழுத்து வரும். இதில் எழுத்தே கிடையாது. ராணி வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். துணி முழுவதும் மரம், தொட்டில், உதடு. எழுத்து ஒன்றும் இல்லை.

பக்கத்தில் மைனி பாடத் தொடங்கினாள். மடியில் பிள்ளையைத் தட்டியபடி, ராணியின் உதட்டைப் பார்த்து, அதற்கு ஒத்தாற்போல. முதலில் பெண்கள் அடங்கினார்கள். பிறகு மூங்கில் தட்டிக்கு அப்பால் சீழ்க்கை நின்றது. இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் அவள் குரல் வெறும் ராகமாகத் தடுமாறுவதைக் கேட்டேன். அந்த நிமிடம் அவள் நின்றுபோயிருப்பாள். அம்மையின் முகத்தைப் பார்த்தேன். துணியின் வெளிச்சம் விழுந்து, வாய் சற்றுத் திறந்து, அவள் அந்தப் பாட்டில் இருந்தாள்.

"தேர் போன பாதையிலே தென்னங்காற்றும் தூங்குதடா" என்றேன், மைனியின் காதில்.

அவள் திரும்பாமலே அதை எடுத்துப் பாடினாள். நான் அடுத்த அடியைச் சொன்னேன். அவள் பாடினாள். ராணி பாட்டை முடித்து முந்தானையால் கண்ணைத் துடைக்கும்வரை அப்படியே போனது. கொட்டகையில் ஆண்களும் கைதட்டினார்கள். அம்மை அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் குளத்துப் படியில் அதுதான் பேச்சு. அம்மை துணி துவைப்பதை விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். "கொட்டகை அனக்கமில்லாம இரிந்துது, கேட்டியளா. எனக்க மருமவளுக்க பாட்டு ஒண்ணு மட்டும்." நான் மேல்படியில் மஞ்சள் தேய்த்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சொல் வரும் என்று. வந்தது. அம்மை என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்:

"இவ பக்கத்திலிருந்து மொணமொணண்ணு என்னமோ பறஞ்சிட்டே இரிந்தா. அவளுக்க பாட்டைக் கெடுத்துப்போடுவாளோண்ணு எனக்கு ஒரே வெப்ராளம்."

குளம் சிரித்தது. நான் மஞ்சள் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்யோ அம்மே" என்றாள் மைனி, பிள்ளைக்குத் தலை துவட்டியபடி. "மூணாமத்த அடி மொதக்கொண்டு எல்லாம் இவ பறஞ்சு தந்ததாக்கும். எனக்கு ரெண்டடிக்கு மேல எங்க தெரியும்? இவ இல்லண்ணா நான் அங்ஙனயே நாணங்கெட்டுப் போயிருப்பேன்."

"உள்ளதா?" என்று அம்மை என் பக்கம் திரும்பினாள். ஈரக்கையோடு படியேறி வந்து என் தலையில் கை வைத்தாள். "பறயாம இரிந்துட்டியே மக்களே. அடுத்த படத்துக்கும் அந்தப் புத்தகத்த மறக்காம வாங்கிடு, என்ன? அவளுக்குச் சொல்லிக் குடுக்க வேணுமே."

நான் கேட்கக் காத்திருந்த சொல் இதுதான். அதையும் மைனியின் வாய்தான் எனக்கு வாங்கித் தந்தது. அம்மை கையை எடுத்த பிறகும் தலையில் குளத்துத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மைனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடமூக்கில் அந்தக் கல் மின்னியது. எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அவளுக்கு அது அழகாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.